வாவிக்கரையில் விடுபட்ட ஒரு சொற்றொடர்

புளியந்தீவுக் கோட்டை மதிலோரம் மாலை வேளையில் நடக்கும்போதெல்லாம் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நினைவு எனக்கு எழுவதுண்டு. கள்ள உறுதி முடித்துக் காணியைப் பறிகொடுத்தவர்களின் வழக்குகளை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஒரு நாட்டின் கரையோரத்தையே பறித்த கள்ள உறுதியொன்று இம்மட்டக்களப்பிலே பிறந்ததென்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

செனரத் மன்னனுக்கும் தோனா கத்தரீனாவுக்கும் மைந்தனாகப் பிறந்தவன் இராசசிங்கன். தாய் போர்த்துக்கேயரிடையே வளர்ந்தவள். மகனும் அம்மொழியை நன்கு அறிந்திருந்தான். 1635 இல் தந்தை மறைய, மலைநாட்டு ஆட்சி அவன் கைக்கு வந்தது. கரையோரமோ பறங்கியர் வசம். மட்டக்களப்பிலும் 1628 இல் அவர்கள் கோட்டை எழுப்பியிருந்தனர். கப்பற்படையில்லாத அரசன் கப்பலுடையாரின் துணையை நாடினான். 1636 இல் பழவேற்காட்டு ஒல்லாந்தருக்கு அவனுடைய ஓலை சென்றது.

1638 மார்ச்சில் கன்னொறுவையிலே போர்த்துக்கேயப் படையை அவன் நிர்மூலமாக்கினான். மே 18 இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டிடம் மட்டக்களப்புக் கோட்டை பணிந்தது. 23 ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு, யானை முதலியவற்றால் ஈடுசெய்ய வேண்டும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம். ஆனால், அரசன் விரும்பினால் மட்டுமே. போர்த்துக்கேய மொழிப் படியில் இந்நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியிலோ அது இல்லை!

மொழிபெயர்ப்பாளனின் கைத்தவறாகலாம் என்றே முதலில் நானும் எண்ணினேன். பின்வந்த நிகழ்ச்சிகள் அவ்வெண்ணத்தை நிலைக்கவிடவில்லை. 1640 இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தன. செலவுக் கணக்கைக் காட்டி ஒல்லாந்தர் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். காலியை வென்ற கொஸ்டர் அதே ஆண்டில் கண்டியிலிருந்து திரும்பும் வழியில், உடன்சென்ற கண்டி வீரராலேயே கொல்லப்பட்டான். வஞ்சம் இரத்தப்பழியாக மாறியது. 1656 மே மாதம் கொழும்பு பணிந்தபோது கோட்டை வாயில் அரசனுக்கே அடைக்கப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதையாகச் சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாக வழங்குவர்.

இராசசிங்கனைக் குற்றமற்றவனென நான் வாதிக்கமாட்டேன். ஏமாந்தவன் எவரையும் நம்பாதவனானான். தன் நாட்டுக்கு வந்த அந்நியரைத் தடுத்துவைத்தான். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் தப்பியோடியது 1679 இலேதான். அரசனின் சொந்தக் குடிகளே 1664 இல் அவனுக்கெதிராகக் கிளர்ந்தனர். அரைநூற்றாண்டு ஆண்டு, 1687 இல் அவன் கண்மூடினான். கரையோரம் அப்போதும் ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது.

பிறமொழிக் கல்வி உத்தியோகத்துக்கு மட்டுமே என எண்ணும் மாணவருக்கு இவ்வரலாற்றையே நான் எடுத்துச்சொல்வது வழக்கம். அரசன் அறிந்த மொழியிலே உடன்படிக்கை நேர்மையாகத்தான் இருந்தது. அவன் அறியாத மொழியிலேதான் வஞ்சகம் ஒளிந்திருந்தது.