சதுரங்க வீரர் மீர் சுல்தான் கான்



சதுரங்கம் செல்வர் வீட்டு ஆட்டம் என்றும், ஆங்கிலம் கற்றோர்க்கே உரியது என்றும் நம் தோட்டத்து மக்களுள் சிலர் இன்றும் எண்ணி வருகின்றனர். காஜாங் வட்டாரத்துப் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகளுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் இவ்வெண்ணத்தை நாம் எதிர்கொள்ள நேர்கின்றது. பட்டணத்துப் பிள்ளைகள் பயிற்சியாளரை வைத்துக் கற்றவர்கள், தடித்த ஆங்கில நூல்களைப் படித்தவர்கள், அவர்களோடு நம் பிள்ளைகள் எவ்வாறு ஆட முடியும் என்று பெற்றோர் கேட்கின்றனர். மாணவர்களோ வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர். வெள்ளைக் காய் கிடைத்தால் எதிரியை விரைந்து தாக்குவதற்கு ஏற்ற தொடக்கம் எது என்பதே அவர்கள் அறிய விரும்புவது. இவ்விரு கேள்விகளுக்கும் விடையாக ஒருவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். அவர் தொடக்க நூல் எதனையும் கற்காமல் கப்பலேறி, அந்நூல்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர்களை வென்றவர்.

மீர் சுல்தான் கான் 1903ஆம் ஆண்டில் (பழைய நூல்கள் 1905 என்று குறிக்கின்றன) பஞ்சாப் மாநிலத்து மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இந்நாளில் பாகிஸ்தானில் உள்ளது. ஒன்பது வயதளவில் தம் தந்தையாரிடம் சதுரங்கம் கற்றார். ஆனால் அவர் கற்றது நம் பள்ளியில் நாம் ஆடும் ஆட்டம் அன்று.

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் சதுரங்கம் இந்தியாவில் தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. நம் மலேசிய நாட்டு மலாய் மக்கள் இவ்வாட்டத்திற்குச் சத்துர் என்று வழங்கும் பெயரும் அவ்வடமொழிச் சொல்லின் வழிவந்ததே. ஐரோப்பியர் தம் நாட்டில் விதிகள் சிலவற்றை மாற்றினர். காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவலாம் என்றனர். அரசன் யானையோடு இடம் மாறி மூலைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றனர். இந்திய ஆட்டத்திலோ காலாள் எப்போதும் ஒரு கட்டமே நடக்கும். அரசன் மூலைக்கு ஒதுங்குவது இல்லை. அதற்கு மாறாக ஒரே ஒரு முறை குதிரையைப் போல் பாயும் உரிமை அவனுக்கு உண்டு. ஆகவே இந்திய ஆட்டம் மெல்லத் தொடங்கும். படைகள் ஒன்றையொன்று நெருங்கவே நேரமாகும். இடை ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் பொறுமையோடு சிந்திப்பவரே வெல்வர். அம்முறையில் சுல்தான் கான் இருபத்தொரு வயதளவில் பஞ்சாபின் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கினார்.

அவருடைய திறமையைக் கண்டவர் சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார். அவர் சுல்தான் கானைத் தம் இல்லத்திற்கு வருவித்து ஐரோப்பிய விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1928ஆம் ஆண்டு நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஓர் ஆட்டத்திலும் தோலாமல் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு இளவேனிற் காலத்தில் சர் உமர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

இலண்டனில் அவருக்குப் பழக்கமாகட்டும் என்று சிறு பயிற்சிப் போட்டி ஒன்று நடத்தப்பெற்றது. அதில் அவர் கடைசி இடத்தைத்தான் வேறொருவரோடு பகிர்ந்துகொண்டார். காரணம் வெளிப்படை. இடை ஆட்டத்தில் எவர்க்கும் இளைக்காத அவர், முதல் பத்து நகர்வுகளுக்குள்ளேயே இக்கட்டில் சிக்கிக்கொண்டார். ஐரோப்பிய வல்லுநர்கள் நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவைத்த தொடக்கங்களை அவர் அறியார். அறிய வேண்டுமாயின் ஆங்கில நூல்களைப் படித்தல் வேண்டும். அவருக்கோ ஆங்கிலம் தெரியாது.

அப்போட்டியில் அவரை முந்திய வில்லியம் வின்டர், பிரெடரிக் யேட்ஸ் என்னும் இருவரும் அதன்பின் அவரோடு அமர்ந்து பயிற்சி அளித்தனர். இவ்விருவரும் இங்கிலாந்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள். அவ்வாண்டுக் கோடையில் நடைபெறவிருந்த பிரித்தானிய வெற்றியாளர் போட்டியில் தாமே பரிசு பெற விரும்பியிருக்கக்கூடியவர்கள். எனினும் தமக்குப் போட்டியாளராக வரவிருந்தவருக்குத் தம் அறிவை வழங்கினர். இச்செய்தியை நம் மாணவர்கள், குறிப்பாகத் தாம் கற்ற நுணுக்கத்தைப் பக்கத்து மேசைக்காரனுக்குக் காட்டாமல் கையால் மறைத்துக்கொள்ளும் சிலர், நினைவில் வைத்துக்கொள்வார்களாக. ராம்ஸ்கேட் நகரில் நடந்த அப்போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். இலண்டனில் கடைசியாக வந்தவர் சில திங்களில் பிரித்தானியப் பேரரசின் வெற்றியாளர் ஆனார்!

இனி, மாணவர்கள் கேட்கும் தொடக்கத்திற்கு வருவோம். வெள்ளைக் காய்களை உடையவர் முதலில் அரசனின் முன்நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தலாம், அல்லது அரசியின் முன்நிற்கும் காலாளை நகர்த்தலாம். அரசனின் காலாள் நகர்ந்தால் ஆட்டம் உடனே சூடு பிடிக்கும். அதில் மனப்பாடம் செய்ய வேண்டிய பொறிகள் மிகுதி. அரசியின் காலாள் நகர்ந்தால், அக்காலாளுக்குப் பின்னால் அரசியே துணை நிற்பதால் நடுப்பகுதி உறுதிப்படும். தாக்குதல் பிறகு வரும். மெல்லத் தொடங்கும் ஆட்டத்தில் வளர்ந்த சுல்தான் கானுக்கு இவ்விரண்டாம் வழி பொருந்தி வந்ததில் வியப்பில்லை. மெல்ல வருவதால் அதைத் தாக்குதல் அன்று என எண்ணிவிடலாகாது. அதற்குச் சான்றாக அவருடைய புகழ்மிக்க ஆட்டத்தைக் கூறுவோம்.

1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1931 சனவரி வரை இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த போட்டியில் கியூபா நாட்டுக் காபபிளாங்காவை அவர் எதிர்கொண்டார். காபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக இருந்தவர். ஓர் ஆட்டத்தில் அவர் தோற்பது என்பதே அக்காலத்தில் பெருஞ்செய்தி. சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். அரசன் பக்கத்துக் குதிரையை வெளிக்கொணர்ந்து, இரண்டாம் நகர்வில் அரசியின் காலாளை இரண்டு கட்டம் செலுத்தினார். அடுத்து அதன் பக்கத்தில் உள்ள, மந்திரியின் முன்நிற்கும் காலாளை இரண்டு கட்டம் செலுத்தினார். பின்னர் மற்றொரு குதிரையும் வெளிவந்தது.

ஐந்தாம் நகர்வில்தான் அவர் செய்த சிறு செயலைக் கவனித்தல் வேண்டும். அரசி பக்கத்து ஓரக் காலாளை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தார். பார்ப்பவர்க்கு அது நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றும். ஆனால் கறுப்பு மந்திரி வந்து நம் குதிரையை அசையவிடாமல் கட்டிப்போடும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தை இக்காலாள் காவல் காக்கின்றது. குதிரை கட்டுண்ணாமல் இருந்தால் நடுப்பகுதிப் போரில் அது முழு வலிமையோடு நிற்கும். ஒரு கட்டமே நடக்கும் காலாட்களோடு இளமை முதல் பழகிய கை அவருடையது. அந்தக் கைதான் அவ்வோரக் காலாளைத் தயக்கமின்றித் தொட்டது என்று நமக்கு எண்ணத் தோன்றுகின்றது.

அதன்பின் தாக்குதல் வந்தது. பதினான்காம் நகர்வில் அரசன் பக்கத்து ஓரக் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்தது. பத்தொன்பதாம் நகர்வில் அதனை அடுத்த காலாளும் பாய்ந்தது. இருபதாம் நகர்வில் அதே காலாள் மேலும் முன்னேறிக் கறுப்புக் குதிரையைப் பின்னிருந்த வரிசைக்கே விரட்டியது. இத்தனைக்கும் அவருடைய அரசன் மூலைக்கு ஒதுங்கவே இல்லை. நம் மாணவர்கள் முதல் ஏழெட்டு நகர்வுகளுக்குள் அரசனை மூலையில் வைத்து விடவேண்டும் என்று கற்றிருக்கின்றனர். அது நல்ல பழக்கமே, அதை விட்டுவிட வேண்டா. ஆனால் சுல்தான் கானின் அரசன் அவ்வாட்டம் முழுவதும் ஒதுங்காமலே நின்றது. காபபிளாங்காவின் யானைகள் இரண்டும் உட்புகுந்து அரசனைத் தாக்கியபோது, சுல்தான் கான் தம் அரசியைத் தந்து அவ்விரு யானைகளையும் பெற்றுக்கொண்டார். அரசியை இழந்தால் ஆட்டமே முடிந்தது என்று கண்கலங்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கட்டும். இரண்டு யானைகள் ஒன்றாக இயங்கும்போது அவை ஓர் அரசிக்கு ஈடாகும். சில இடங்களில் மிஞ்சியும் நிற்கும். ஆனால் அவற்றை இயக்குவதற்குப் பொறுமை வேண்டும். சுல்தான் கான் மேலும் நாற்பதுக்கு மேற்பட்ட நகர்வுகள் பொறுத்து, கறுப்பு அரசிக்கு நல்ல இடம் ஒன்றும் இல்லாதபடி செய்தார். அறுபத்தைந்தாம் நகர்வோடு காபபிளாங்கா தோல்வியை ஏற்றார்.

அரசி காலாள் தொடக்கத்தில் அவர் அன்று சேர்த்த ஒரு கட்ட நகர்வு பின்னாளில் பெருமை பெற்றது. 1963 முதல் 1969 வரை உலக வெற்றியாளராக இருந்த பெட்ரோசியனின் பெயரால் அம்முறை வழங்கப்படுகின்றது. 1980களின் தொடக்கத்தில் இளைஞர் காஸ்பரோவ் அதனையே கூரிய தாக்குதல் கருவியாகக் கொண்டு பலரை வென்றார். இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் அம்முறையைக் கற்கின்றனர். கற்கும்போது ஒன்று செய்க. நகர்வுகளின் வரிசையை மட்டும் நெட்டுருச் செய்யாமல், ஒவ்வொரு காலாளும் எந்தக் கட்டத்தைக் காக்கின்றது, எந்தக் கட்டத்தைக் கைவிடுகின்றது என்று கேட்டுக் கேட்டு நகர்த்துக. எதிரி நூலில் இல்லாத நகர்வு ஒன்றைச் செய்தவுடன் வரிசை மறந்து போகும். காரணம் மறந்து போகாது.

சுல்தான் கானின் ஏனைய வெற்றிகளைச் சுருங்கக் கூறுவோம். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவர் பிரித்தானிய வெற்றியாளர் ஆனார். 1930இல் ஹாம்பர்க்கிலும், 1931இல் பிராகிலும், 1933இல் போக்ஸ்டனிலும் நடந்த நாடுகளுக்கிடையிலான போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்தார். பிராகில் ரூபின்ஸ்டைனையும் புளோரையும் வென்றார். அன்றைய உலக வெற்றியாளர் அலெகைனோடு சமநிலை கண்டார். 1931இல் தார்த்தகோவரைத் தனிப்போட்டியில் தோற்கடித்தார். குளிர்நாட்டுத் தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. சளியும் தொண்டை நோயும் காய்ச்சலும் மாறி மாறி வர, கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு ஆடிய நாள்களும் உண்டு. அவர் தோற்ற ஆட்டங்களும் உள. பெண்கள் உலக வெற்றியாளர் வேரா மென்சிக்கிடம் அவர் தோற்றிருக்கின்றார். 1933இல் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் இளநங்கை பிரித்தானியப் பெண்கள் போட்டியில் முதலிடம் பெற்றதையும் நம் மாணவியர் அறிந்துகொள்க.

ஆங்கில நாளேடுகள் சுல்தான் கானை எழுத்தறிவில்லாத வேலைக்காரர் என்றே எழுதின. பின்வந்த நூல்களும் அதையே திரும்பச் சொல்லின. அவருடைய வழித்தோன்றல்கள் இதனை மறுக்கின்றனர். அவர் வேலைக்காரர் அல்லர் என்றும், எழுதப் படிக்கத் தெரிந்தவரே என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். ஆங்கிலம் அறியாதவரை எழுத்தறியாதவர் என்று கூறும் வழக்கத்தை நம் தோட்டத்து முதியோர் நன்கு அறிவர். எவ்வாறாயினும் ஒன்று உண்மை. கப்பல் ஏறும் நாளையும் திரும்பும் நாளையும் முடிவு செய்தவர் சுல்தான் கான் அல்லர். 1933 திசம்பரில் சர் உமர் தாயகம் திரும்பினார். தம் ஆற்றலின் உச்சியில் இருந்த, முப்பது வயதே ஆன சுல்தான் கானும் உடன் திரும்பினார்.

அதே ஆண்டுகளில்தான், 1930 முதல் 1932 வரை, உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வரச் சொன்னபோது வந்து, போகச் சொன்னபோது போனவர்கள் அவர்கள். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது. ஆயினும் சுல்தான் கானின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களை நினையாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

1935இல் காடில்கர் என்பாரோடு பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றில் மட்டும் சமநிலை கண்டு, ஏனைய அனைத்தையும் சுல்தான் கான் வென்றார். அதற்குப் பிறகு பெரும் போட்டிகளில் அவர் பெயரைக் காண முடியவில்லை. தம் ஊர்ப்பக்கத்திலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தார். 1950ஆம் ஆண்டு உலகச் சதுரங்கச் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை முதன்முதலாக வழங்கியபோது, அவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனும் தார்த்தகோவரும் அதனைப் பெற்றனர். அவருக்கு வழங்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் அவர் இயற்கை எய்தினார்.

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்றுக்கொடுக்கவில்லை என்றும், வாழ்க்கைக்குப் பயன்படும் வேறொன்றைச் செய்யுமாறு அவர்களிடம் சொன்னார் என்றும் அவருடைய மூத்த மகன் கூறியுள்ளார். பெற்றோர் சிலர் இதைக் கேட்டு மகிழ்வர் என்பதை நாம் அறிவோம். சதுரங்கம் சோறு போடுமா என்று நம்மிடம் கேட்டவர்களுக்கு இது நல்ல சான்றாகவே தோன்றும். நம் கருத்து வேறு. மூன்று முறை பேரரசின் வெற்றியாளரான ஒருவருக்கு அவ்வாட்டத்தைத் தொடர ஒரு வழியும் தம் கையில் இல்லாமற் போனதால் எழுந்த சொல்லாகவே நாம் அதைக் கொள்கின்றோம். நம் பிள்ளைகளுக்கு அந்நிலை இல்லை. சனிக்கிழமை காலையில் பள்ளிக் கதவு திறந்திருக்கின்றது, பலகையும் இருக்கின்றது.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நிறைவுறும் வேளையில், உலகச் சதுரங்கச் சம்மேளனம் மீர் சுல்தான் கானுக்குச் சிறப்புக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது. அதன் தலைவரே இஸ்லாமாபாத் நகருக்குச் சென்று பட்டத்தை வழங்கினார்.