பெட்டிக்குள் பெட்டி - கோன்ராட் சூசே

கம்ப்யூட்டர் என்றாலே நமக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும். ஆனா 1910 ஜூன் 22-ல் பெர்லினில் பிறந்த கோன்ராட் சூசே, நம்ம சிவில் பிரிவுக்காரர்!

கட்டிடக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு அலுத்துப்போனவர் அவர். 1935-ல் பட்டம் வாங்கி, ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டு ஹாலிலேயே இசட்-1 மெஷினைக் கட்டினார். அது சரியாக ஓடலை. சளைத்தாரா? இல்லை! டெலிபோன் ரிலேக்களை வைத்து 1941-ல் இசட்-3-ஐ ஓட்டியே காட்டினார். 1943 குண்டுவீச்சில் அதுவும் அழிந்தது. போர்க்காலத்தில் ஹென்ஷலின் பறக்கும் குண்டுகளுக்கும் அவர் கணக்கு மெஷின் செய்து கொடுத்தார் என்பதையும் மறைக்கக்கூடாது.

1945-ல் இசட்-4-ஐ ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஹின்டர்ஸ்டைன் கிராமத்துக்குத் தப்பினார். அங்கே மெஷினை ஓட்ட வழியில்லை. கையில் இருந்தது பேப்பரும் பென்சிலும்தான். அதில் எழுதி முடித்ததே 'பிளான்கால்குல்' என்ற புரோகிராம் மொழி.

அதில் அடிப்படை ஒரே ஒரு பிட். மற்றதெல்லாம் அதை அடுக்கிக் கட்டுவதுதான். செஸ் போர்டைப் பாருங்கள். 8 நெடுவரிசைக்கு 3 பிட், 8 கிடைவரிசைக்கு 3 பிட். இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டம். காய்கள் 12 வகை, காலி ஒன்று, ஆக 13. அதற்கு 4 பிட். கட்டத்தையும் காயையும் சேர்த்தால் இன்னொரு பெரிய பெட்டி.

கட்டியாச்சு, பிரிப்பது எப்படி? மாறியின் அடியில் தனித்தனி வரிகள் போட்டார். வி வரியில் மாறியின் எண், கே வரியில் எந்தப் பகுதி வேண்டும், எஸ் வரியில் என்ன வகை. எண்ணிக்கை 0-ல் தொடங்கும். கே வரியில் 0 என்றால் கட்டம், 1 என்றால் காய், 0.0 என்றால் கட்டத்துக்குள்ளே இருக்கும் முதல் எண். சி லேபில் ஸ்ட்ரக்சர் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து உறுப்பை எடுக்கிறோமே, அதே வேலைதான்! பைதானில் ஒரே வரியில் எல்லா உறுப்பையும் தனித்தனி மாறிகளாகப் பிரிப்பது அதற்கு அடுத்த படி.

1950-ல் இசட்-4 சூரிச் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் உழைத்தது. ஆனா பிளான்கால்குல் முழுசாக அச்சானது 1972-ல்தான். 27 வருஷம்! அதற்குள் மற்றவர்கள் இதையெல்லாம் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். 1995 டிசம்பர் 18-ல் சூசே மறைந்தார்.

நண்பர்களே, மெஷின் இல்லாமலும் யோசிக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. யோசித்ததை நாலு பேருக்குக் காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்தான் சாட்சி. உங்க நோட்டில் தூங்கும் ஐடியாவை இன்றே பக்கத்து பெஞ்சுக்காரனிடம் காட்டுங்கள்!