கேயார்க் பிரேடிக்

பொன் நீரிற் கரையாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் பொன்னின் நுண்துகள்கள் மிதக்கும் செந்நீரொன்றை மைக்கேல் பாரடே 1857ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அவர் அதனைப் பொன்னுப்பின் கரைசலிலிருந்து பெற்றார். உப்பை நாடாமல், உலோகத்தை நேரே நீரிற் பரவச் செய்தவர் கேயார்க் பிரேடிக் என்னும் ஜெர்மானிய ரஸாயன ஆசிரியர்.

இவர் 1868 அக்டோபர் 1ந் தேதி, இன்று போலந்திலுள்ள குளோகோ நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். லைப்ஸிக் சர்வகலாசாலையில் ஆஸ்ட்வால்டிடம் பயின்று 1894இல் டாக்டர் பட்டம் பெற்றார். வாண்ட் ஹாப், அரீனியஸ் என்போரிடமும் இருந்துவிட்டு ஆஸ்ட்வால்டுக்கே உதவியாளரானார்.

1898இல் இவர் வெளியிட்ட முறை வியக்கத்தக்க எளிமையுடையது. பனிக்கட்டியாற் குளிர்வித்த தூய நீரில் இரண்டு பொற்கம்பிகளை அமிழ்த்தி, 30 அல்லது 40 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தி, நுனிகளைத் தொடுத்துச் சற்றே விலக்கினால், நீருள்ளேயே பொறி எழும். அவ்வெப்பத்தில் உலோகம் ஆவியாகும். சூழ்ந்த குளிர்நீர் அதனை மறுகணமே உறைவிக்கும். துகள்கள் பெருக்க அவகாசமில்லை. நீர் சிவந்தோ ஊதாவாகவோ மாறும்; பிளாட்டினமாயின் கரும்பழுப்பாகும். பொன்னுக்குச் சிறிது காரம் சேர்த்தால் கலவை நெடுநாள் நிலைக்கும். உதிர்ந்த பருந்துணுக்குகளை வடித்து நீக்கவேண்டியது இம்முறையின் குறை. ஸ்வீடன் தேசத்து ஸ்வெட்பெரி அலைவுறு மின்சாரத்தைக் கொண்டு பின்னர் இதனைத் திருத்தினார்.

ஆயினும் பிரேடிக்கின் பெருமை நீரின் நிறத்திலன்று, அது செய்த வேலையிலேயே உள்ளது என்பேன். ஹைட்ரஜன் பெராக்ஸைடை இரத்தத்திலுள்ள நொதி சிதைப்பதுபோல இப்பிளாட்டின நீரும் சிதைத்தது. ஒரு கிராம் பிளாட்டினம் 3 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட திரவத்திற் பரவியிருந்தும் அதன் செயல் புலப்பட்டது! உயிர்களைக் கொல்லும் ஹைட்ரோஸயனிக் அமிலம் அணுவளவு சேரினும் அச்செயல் மந்தமாயிற்று. சிறிது பொழுதில் மயக்கந் தெளிந்தாற்போல் மீண்டது. உயிரற்ற உலோகத்தையும் நொதியோடு ஒப்பிட்டு 1901இல் இவர் நூல் எழுதினார்.

அவ்வாண்டே ஹைடல்பர்க்கிலும், பின் ஸூரிக்கிலும், 1911இல் ஹேபருக்குப்பின் கார்ல்ஸ்ரூஹேயிலும் பேராசிரியரானார். 1933இல், யூதர் என்பதால் பதவியிழந்தார்; மனைவியும் அவ்வாண்டே மறைந்தார். 1938 நவம்பரில் கைது செய்யப்பட்டு விடுபட்ட அம்முதியவர், மறுவருஷம் நண்பர் எர்ன்ஸ்ட் கோஹெனின் உதவியால் ஹாலந்து சென்றார். 1940இல் அமெரிக்கா அடைந்தார். 1944 ஏப்ரல் 24இல் நியூயார்க்கில் உயிர்நீத்தார். யூதரான கோஹென் அதற்கு முந்திய மாதமே ஆஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டிருந்தார். பிரேடிக் கட்டுக்கட்டாய்ச் சேர்த்திருந்த கடிதங்கள் ஹாலந்தில் ஒளித்துக் காக்கப்பட்டு, போருக்குப்பின் மகனிடம் சேர்ந்தன. 2019 முதல் பிலடெல்பியாவிலுள்ள விஞ்ஞான வரலாற்று நிலையத்தில் இருக்கின்றன.