கணக்குப் பார்த்துக் காலராவைப் பிடித்த டாக்டர்



குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, வழியில் எதனோடு கலக்கிறது என்று நாம் தினமும் யோசிப்பதில்லை. வீடு வீடாகப் போய் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு மருத்துவரின் வாழ்க்கையை இந்த இதழில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஜான் ஸ்னோ. 1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளியின் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் சேர்ந்து தொழில் கற்றார். 1831-32ல் அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் காலரா பரவியபோது நோயாளிகளைக் கவனித்தார். சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது. தொழிலாளர்கள் கழுவாத கையோடு அங்கேயே சாப்பிட்டார்கள். பிற்காலத்தில் இதைத் தன் நூலில் குறிப்பிட்டார்.

பிறகு லண்டன் சென்று பட்டம் பெற்றார். மயக்க மருந்து கொடுப்பதில் பெயர் வாங்கினார். 1853ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவரே. அந்தப் புகழோடு வசதியாக இருந்திருக்கலாம். காலராவை அவர் விடவில்லை.

அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர், அழுகிய நாற்றம் கலந்த காற்றால்தான் காலரா வருகிறது என்று நம்பினார்கள். ஸ்னோவுக்கு ஒரு சந்தேகம். நோய் முதலில் தாக்குவது நுரையீரலை அல்ல, வயிற்றை. அப்படியானால் அது வாய் வழியாகத்தானே உள்ளே போயிருக்க வேண்டும்? 1849ல் இதைச் சிறு நூலாக வெளியிட்டார். அதிகம் பேர் ஏற்கவில்லை.

1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாட்களில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்னோ இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். பெரும்பாலான மரணங்கள் பிராட் தெருவின் பொதுப் பம்பைச் சுற்றியே இருந்தன. கணக்கில் இடித்த விஷயங்களையும் அவர் ஒதுக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். இறந்தவர்கள் 5 பேர்தான். விசாரித்தால், அங்கே தனிக் கிணறு இருந்தது. பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண் இறந்திருந்தார். விசாரித்தால், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வரவழைத்துக் குடித்திருந்தார்.

ஸ்னோ அதிகாரிகளிடம் பேசினார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் பலர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. இதையும் ஸ்னோவே நேர்மையாக எழுதி வைத்தார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்று அடிகூட இல்லாத தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்தது தெரிந்தது.

கைப்பிடிக் கதை பலருக்குத் தெரியும. வாழ்நாளெல்லாம் வங்கியில் லெட்ஜரோடு இருந்த எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு கணக்கு. தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருவில் குழாய் போட்டிருந்தன. ஒன்று, நகரச் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் நதி நீரை எடுத்தது. இன்னொன்று 1852ல் ஆற்றின் மேல்பகுதிக்கு மாறிவிட்டது. காற்று ஒன்று, தெரு ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்று பல வீட்டாருக்கே தெரியாது. உப்பின் அளவைச் சோதித்து ஸ்னோ பிரித்தறிந்தார். 1854ல் நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், முதல் நிறுவனத்தின் 10,000 வீடுகளுக்கு 315 பேர் இறந்திருந்தார்கள். இரண்டாவதில் 37 பேர்.

கிருமியை அவர் கண்டுபிடிக்கவில்லை. கணக்கே வழி காட்டியது. தன் கருத்து ஊரெங்கும் ஏற்கப்படுவதைப் பார்க்காமலே 1858ல், 45 வயதில் பக்கவாதத்தால் காலமானார். 1884ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் தன் ஆய்வை முடித்துக் காலரா கிருமியை உறுதி செய்தார்.

இன்றும் நல்ல மருத்துவர், ஒரே பகுதியிலிருந்து நான்கு பேர் வயிற்றுப்போக்கோடு வந்தால் மருந்து எழுதுவதோடு நிறுத்துவதில்லை. எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கிறார், சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்கிறார். ஆனால் நான்கு பேரும் நான்கு டாக்டரிடம் போனால் யாருக்குத் தெரியும்? நமக்குத்தான் தெரியும்.

அதனால் என் யோசனை இது. சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். உங்கள் வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வந்தால் பெயர்கூட வேண்டாம். தேதி, பிளாக், குடித்தது குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, கேன் தண்ணீரா என்று மட்டும் எழுதுங்கள். சம்ப் கழுவிய தேதியையும் அதிலேயே குறிப்போம். ஒரே வாரத்தில் ஒரே பிளாக்கில் மூன்று வரி சேர்ந்தால், அன்றைக்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கத் தொடங்கி, குழாயையும் சாக்கடை லைனையும் பார்க்க ஆள் கூப்பிடலாம்.