ஜகரிய்யா எனும் திருநாமம்

நம் பிள்ளைகளுக்கு ஆசையோடு சூட்டும் பெயர்களுள் ஜகரிய்யா என்பதும் ஒன்று. பொருள் கேட்டால், ஒரு நபியின் பெயர் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அன்னவர்களின் வரலாறோ அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இது இப்ரானீ எனும் எபிரேய மொழிப் பெயர். அம்மொழியில் 'ஜகர்' என்றால் நினைவு கூர்ந்தான். 'யாஹ்' என்பது இறைவனைக் குறிக்கும். ஆக, இறைவன் நினைவு கூர்ந்தான் என்பது பொருள். நாம் செய்யும் 'திக்ரு' எனும் அரபுச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததே. இரண்டும் உடன்பிறந்த மொழிகளல்லவா! திருக்குர்ஆனில் இப்பெயர் 7 முறை வருகிறது.

ஜகரிய்யா (அலை) அவர்கள் பனீ இஸ்ராயீல்களுக்கு வந்த நபி. அன்னவர்கள் தச்சராக இருந்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸால் அறிகிறோம். குழந்தை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கென்று எழுதுகோல்களை எறிந்து பார்த்தபோது, அந்தப் பாக்கியம் அன்னவர்களுக்கே கிடைத்தது.

இத்தனை சிறப்பிருந்தும் வீட்டில் மழலைக் குரல் இல்லை. எலும்புகள் தளர்ந்தன; தலை நரைத்தது; துணைவியாருக்கோ பிள்ளைப்பேறில்லை. இறைவன் நினைவு கூர்ந்தான் எனும் பெயரைத் தாங்கியவர்கள் முதுமைவரை காத்திருந்தார்கள்!

மிஹ்ராபில் மர்யம் (அலை) அவர்களிடம் உணவிருக்கக் கண்டு, அது அல்லாஹ்விடமிருந்து வந்தது என அறிந்ததும், அங்கேயே கையேந்தினார்கள். தமக்குப்பின் மார்க்கப் பணியைத் தொடர ஒரு வாரிசைத் தாழ்ந்த குரலில் வேண்டினார்கள். பின்னர் தொழுது நிற்கையிலேயே, யஹ்யா (அலை) பிறக்கவிருக்கும் நன்மாராயத்தை மலக்குகள் கூறினர். பிள்ளைக்குப் பெயரையும் அல்லாஹ்வே சூட்டினான்.

அத்தாட்சி ஒன்று கேட்டபோது, 3 நாட்கள் மக்களிடம் சைகையாலன்றிப் பேச இயலாது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்நாட்களிலும் தம் இறைவனை அதிகமாக திக்ரு செய்யும்படி பணிக்கப்பட்டது. நினைவு கூர்ந்தவனை அடியாரும் நினைவு கூர வேண்டுமல்லவா? மர்யம் சூராவில் இவ்வரலாறு தொடங்கும் முதற்சொல்லும் 'திக்ரு' என்பதே!

வாசக நேயர்களே! பிள்ளையில்லாத பெண்ணை ராசியற்றவள் என ஏசுவதும், விசேஷங்களில் ஒதுக்கிவைப்பதும் நம் வீடுகளிலும் நடக்கின்றனவே. ஜகரிய்யா (அலை) அவர்களின் இல்லத்தை நோக்கி அப்படிச் சொல்ல நம் நாவு துணியுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் பிள்ளை இல்லை. அதனால் அவர்களின் மதிப்பு அணுவளவும் குறையவில்லை.

கேட்டதைத் தருவதும், அதைவிட மேலானதைத் தருவதும் அல்லாஹ்வின் நாட்டம். தாமதத்தை மறதியென்று எண்ணி துஆவைக் கைவிட்டுவிட வேண்டாம். அவன் எவரையும் மறப்பதில்லை. ஜகரிய்யா என்று நம் பிள்ளையை அழைக்கும் ஒவ்வொரு முறையும் இது நம் நினைவுக்கு வரட்டும்.