தகரப் பெட்டியில் உறங்கிய நாவல்

உழைப்பவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. உழைப்பவரே எழுதிய நூல்கள் சில. அச்சிலவற்றுள்ளும் எழுதியவர் எழுதியவாறே வாசகர் கைக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. ஆங்கிலத் தொழிலாளர் இலக்கியத்தின் தலையாய நாவலெனப் போற்றப்படும் ‘கந்தல் கால்சட்டைக் கொடையாளிகள்’, முதன்முதல் அச்சேறிய பின்னரும் தன் முழு உருவத்தைப் பெற 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் ஆசிரியர் ராபர்ட் டிரெசலின் வாழ்வு, எழுதுவோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்வாகும்.

டிரெசல் என்பது புனைபெயர். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1870-இல் பிறந்த அவர், தாயின் குடும்பப் பெயரைத் தாங்கி ராபர்ட் நூனன் என வழங்கப்பெற்றார். இளமையிலேயே தென்னாப்பிரிக்கா சென்று, கேப் டவுனில் 1891-இல் மணம் புரிந்தார். மறு ஆண்டில் மகள் கேத்லீன் பிறந்தாள். மணவாழ்வு முறிந்தபின் மகளுடன் இங்கிலாந்து வந்து, தென்கடற்கரை நகரான ஹேஸ்டிங்ஸில் குடியேறினார். வீடுகளுக்கு வண்ணம் பூசுவதும் பெயர்ப்பலகை எழுதுவதும் அவர்தம் தொழில். அந்நகரத் தேவாலயம் ஒன்றின் சுவர்களில் அவர் தீட்டிய அணிவேலைப்பாட்டின் ஒரு பகுதி, அக்கட்டடம் இடிக்கப்பட்ட பின்னரும் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டது. வண்ணம் பூசுவோர் பலகையைத் தாங்க நிறுத்தும் மரக்காலின் ஆங்கிலப் பெயரிலிருந்தே தம் புனைபெயரை அவர் அமைத்துக் கொண்டார். தொழிற்கருவியே பெயராயிற்று.

பகலெல்லாம் ஏணிமேல் நின்று உழைத்த அவர், சமதர்ம இயக்கத்திலும் ஈடுபட்டு, கிடைத்த ஓய்வு நேரத்தில் நாவலை எழுதினார். வண்ணம் பூசுவோர், தச்சர் ஆகியோரின் கூலி, கடன், வேலையின்மை, பசி என்பனவே அதன் பொருள். பெருஞ்செல்வம் விளையும் தம் உழைப்பைச் சொற்பக் கூலிக்கு முதலாளிக்கு வழங்கிவிடும் ஏழைகளையே அவர் கொடையாளிகள் என எள்ளலாகச் சுட்டினார். கதைத் தலைவன் ஓவன், உணவு இடைவேளையில் ரொட்டித் துண்டுகளையும் கத்திகளையும் காசுகளையும் வைத்துக்கொண்டு மூலதனம் இயங்கும் முறையைத் தோழர்களுக்கு விளக்கும் காட்சி புகழ்பெற்றது. பொருளியலை உண்ணும் ரொட்டியில் காட்டியதே டிரெசலின் கலைத்திறம் எனலாம்.

ஏறத்தாழ 1,600 பக்கங்கள் கொண்ட கையெழுத்துப் படியைப் பதிப்பாளர் மூவர் ஏற்க மறுத்தனர். மனமுடைந்த தந்தை அதனை எரித்துவிட எண்ணியபோது மகள் தடுத்துக் காத்தாள் என்பர். கனடாவில் புதுவாழ்வு தேடிப் புறப்பட்ட டிரெசல், லிவர்பூலைக் கடக்கவில்லை. காசநோயால் நலிந்து, 1911 பிப்ரவரி 3-ஆம் நாள் அந்நகர மருத்துவமனையில் தம் 40-ஆம் வயதில் மறைந்தார். வறியோர்க்கான புதைகுழியில், வேறு 12 பேருடன் அவருடலும் இடப்பட்டது. அவ்விடம் இன்னதென 1970-இல்தான் கண்டறியப்பட்டது.

தகரப் பெட்டியில் கேத்லீன் காத்து வைத்திருந்த படி, எழுத்தாளர் ஜெஸ்ஸி போப் வாயிலாகப் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸிடம் சென்றது. 25 பவுனுக்கு முழு உரிமையும் கைமாறியது. நூல் 1914-இல் வெளிவந்தது. ஆயின் போப்பின் கத்தரிக்குத் தப்பவில்லை. சமதர்மக் கருத்துகள் பல நீக்கப்பட்டன. 1918-இல் வந்த பதிப்போ இன்னும் சுருங்கிற்று. இவற்றினும் கொடிது முடிவை மாற்றியமை. டிரெசல் தம் கதையை வருங்கால நம்பிக்கையோடு நிறைவு செய்திருந்தார். அச்சான நூலோ, குடும்பத்தோடு உயிர்மாய்த்துக் கொள்வதைப் பற்றிய ஓவனின் எண்ணத்தோடு முடிந்தது. தொழிலாளியின் துயரத்தை விற்கத் துணிந்த வாணிகம், அவன் கண்ட விடியலை விற்கத் துணியவில்லை.

எனினும், குறைப்பட்ட அந்நூலே தொழிலாளரிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸ்காரரான பிரெட் பால், டிரெசலின் வரலாற்றைத் தேடிச் சென்று, மூலப்படியையும் கண்டு, 1946-இல் 70 பவுனுக்குப் பெற்றார். கலைந்து கிடந்த பக்கங்களை வரிசைப்படுத்திய அவருழைப்பால், 1955-இல் லாரன்ஸ் அண்டு விஷார்ட் பதிப்பகம் நாவலை முழுமையாக வெளியிட்டது. டிரெசல் எழுதிய முடிவு அப்போதுதான் அச்சு கண்டது.

இரு கைகள் இந்நாவலைக் காத்தன: நெருப்பினின்று மீட்ட மகளின் கை, பக்கம் பக்கமாய் ஒட்டிச் சேர்த்த வாசகரின் கை. இரண்டும் பதிப்புத் தொழில் அறியாதவை. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் நூல்களை எண்ணிப் பார்க்கும் நாம், அச்சேறாத படிகளையும் எண்ணுதல் வேண்டும். மறைந்த கவிஞர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் குறிப்பேட்டைத் தேடிப் படியெடுத்து வைப்பதும் இலக்கியப் பணியே. அதனைச் செய்யத் தவறினால், அவர் எழுதிய முடிவு எதுவென்று பின்வருவோர் அறியாமலே போவர்.