முடிவிலியை ஆராய்ந்த குருவானவர்

நுண்கணிதம் பயிலத் தொடங்கும் மாணாக்கர் விரைவில் எதிர்ப்படும் வினாவொன்று உண்டு. ஓர் அளவு ஓய்வின்றி வளர்ந்துகொண்டே போகுமாயின் அதற்கு எல்லை உண்டா, இல்லையா? எட்டு என்னும் இலக்கத்தைக் கிடத்தினாற்போன்ற குறியை எழுதி, எல்லை முடிவிலி என்பர் சிலர். எல்லையே இல்லை என்பர் வேறு சிலர். இவ்வினாவைத் தெளிவுறுத்த வழிகோலிய சான்றோருள் ஒருவர், கணிதப் பேராசிரியராக ஒருநாளும் இருந்திராத ஒரு குருவானவர். அவரே பெர்னார்டு போல்ட்சானோ.

இவர் 1781-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், பொஹீமியா நாட்டுப் பிராகு நகரிலே பிறந்தார். தந்தையார் இத்தாலியர், கலைப்பொருள் வணிகர். தாயார் ஜெர்மன் மொழியினர். உடன்பிறந்தார் பன்னிருவருள் வளர்ந்து ஆளானோர் இருவரே. போல்ட்சானோவும் வாழ்நாள் முழுதும் நோயால் நலிந்தவர். பிராகு பல்கலைக்கழகத்திலே தத்துவமும் கணிதமும் கற்று, பின்னர் வேதசாஸ்திரம் பயின்று, 1805-இல் கத்தோலிக்க குருவாகத் திருநிலை பெற்றார். அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தின் சமயப் பேராசிரியராகவும் அமர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துக்கள் இளைஞர் உள்ளத்திற் புகாதபடி காத்தற்பொருட்டு ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஏற்படுத்திய பதவி அது.

அந்நாளில் நுண்கணிதம் பெரும் பயன் விளைத்துக்கொண்டிருந்தது. ஆயினும் அதன் அடிப்படை உறுதியற்றிருந்தது. சான்றாக, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீண்டும் ஒன்றைக் கூட்டி, மீண்டும் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் செல்லும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதன் மதிப்பு அரை என்று கணக்கர் பலர் கூறினர். முதல் உறுப்பை நீக்கின் எஞ்சுவது அத்தொடரே குறி மாறி நிற்பதாகும். ஆகவே, ஒன்றிலிருந்து தன்னைக் கழித்தால் தன்னையே தரும் எண் அரையே என்பது அவர்தம் வாதம். போல்ட்சானோ இதனை ஏற்றாரல்லர். எஞ்சிய தொடரில் ஓர் உறுப்பு குறைந்துள்ளது. எனவே அது முன்னைத் தொடர் அன்று. மேலும், மதிப்பு ஒன்று உண்டென்று முதலிலேயே கொண்டன்றோ இவ்வாதம் தொடங்குகின்றது? எழுத இயன்றமையால் மட்டும் ஒன்று உளதாகிவிடாது என்பதே அவர் கண்ட உண்மை.

இவ்வுறுதியோடு அவர் 1817-இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். கோடொன்று அச்சின் கீழிருந்து மேலே அறுபடாமற் செல்லுமாயின் இடையில் அச்சை வெட்டியே தீரும் என்பது கண்ணுக்குப் புலனாவது. அவரோ படத்தை நம்பாமல் எண்களைக்கொண்டே அதனை நிறுவ முற்பட்டார். அளவின் மாறுதலை வேண்டிய மட்டும் சிறிதாக்கினால் விளைவின் மாறுதலும், நாம் குறிக்கும் எவ்வளவினும் சிறிதாகும் என்று தொடர்ச்சிக்கு இலக்கணம் வகுத்தார். பாரிஸ் நகரத்துக் கோஷி என்பார் இவ்வழியிற் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது நான்காண்டு கழித்து, 1821-இலே தான். போல்ட்சானோவின் நிறுவலிலும் குறையொன்று இருந்தது. மெய்யெண்களின் இயல்பு 1872-இல் வரையறுக்கப்பட்ட பின்னரே அது நிரம்பிற்று.

கணிதத்திற் காரணம் கேட்டவர் மேடையிலும் காரணம் கேட்டார். மாணாக்கருக்கு ஆற்றிய உரைகளில் போரின் கொடுமையையும், மாந்தர் யாவரும் சமம் என்பதையும், செக்கரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் மதித்தல் வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். இளைஞர் திரண்டு கேட்டனர்; அரசு அஞ்சியது. 1819-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவரைப் பதவியினின்று நீக்கும் கட்டளை பிறந்தது. பொதுவிடத்திற் போதித்தல் தடுக்கப்பட்டது. திருச்சபையின் விசாரணையும் பல்லாண்டு நீடித்தது. அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். தம் விசுவாசத்தையும் கைவிட்டாரல்லர்.

பின்னர், ஹொஃப்மன் குடும்பத்தாரின் நாட்டுப்புறப் பண்ணையில் அடைக்கலம் பெற்று எழுதலானார். அவரது அளவை நூல் நான்கு பெருந்தொகுதிகளாக 1837-இல் வெளிவந்தது. இறுதி ஆண்டுகளில் முடிவிலியின் முரண்களைப் பற்றிய நூலை யாத்தார். வளர்ந்துகொண்டே செல்லும் அளவு உண்மையில் முடிவிலி அன்று; அது ஒவ்வொரு நிலையிலும் முடிவுள்ளதே என்றார். எல்லை முடிவிலி என்று இன்று நாம் எழுதுவதன் பொருளும் இதுவே: எவ்வெண்ணைச் சொன்னாலும் அளவு அதனைக் கடந்து செல்லும். அங்கே எண்ணாகிய எல்லை இல்லை. அக்குறி, எல்லை எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதை உரைப்பது. ஆயின் எண்கள் அனைத்தின் தொகுதியும், கடவுள் அறியும் உண்மைகளின் தொகுதியும் மெய்யாகவே முடிவற்றவை என்று அவர் கொண்டார். சுழியம் முதல் ஐந்து வரையுள்ள எண்களைச் சுழியம் முதல் பன்னிரண்டு வரையுள்ள எண்களோடு ஒன்றுக்கொன்றாக இணைக்கலாம் என்றும் காட்டினார்.

1848-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நூலை அவர் மாணாக்கர் 1851-இல் வெளியிட்டார். எங்கும் அறுபடாத, ஆயினும் தொடுகோடு வரைய இயலாத வளைகோடொன்றை அவர் 1830-ஐ ஒட்டியே கண்டிருந்தார் என்பது, அக்கையெழுத்துப்படி 1930-இல் அச்சேறியபோதே உலகிற்குப் பரவலாகத் தெரிந்தது.

இன்று வகுப்பறையில் அவர் பெயர் வையர்ஸ்ட்ராஸின் பெயரோடு இணைந்து ஒரு தேற்றத்தின் தலைப்பாக வழங்குகின்றது. அதனைப் படிக்கும் நண்பர்கள், உண்டு என்று சொல்லுமுன் உண்டா என்று கேட்டு, அக்கேள்விக்காகத் தம் பதவியையும் இழந்த அக்குருவானவரைச் சிறிது நினைவுகூர்வார்களாக.